நிற்கப் பழகிய வண்டி

பாதை இல்லாத இடத்திலும் ஓடக்கூடிய ஒரு வண்டியைத் தன் வீட்டு முற்றத்தில் தானே செய்யப்போவதாக எனது மாணவன் ஒருவன் 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என்னிடம் சொன்னான். அதைக் கேட்டபோது என் உள்ளத்தில் முதலில் எழுந்தது மகிழ்ச்சியன்று, அச்சமே. காரணத்தை எங்கள் பகுதியை அறிந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பளைக்கு அண்மையிலுள்ளது எமது கிராமம். வடக்கே சிறிது தூரத்தில் முகமாலை. நீண்ட காலம் போர்முனையாயிருந்த மண் அது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. ஆனால் புதைத்துவைத்த கண்ணிவெடிகளுக்கு அச்செய்தியை யாரும் அறிவிக்கவில்லை. எனவே இங்கே பிள்ளைகளுக்கு நடைபழக்கும்போதே "பாதையை விட்டு இறங்காதே" என்றும் பழக்கினார்கள். சிவப்புப் பலகையில் வரைந்த மண்டையோட்டை எழுத்தறியாத குழந்தையும் வாசிக்கும்.

அத்தகைய ஊரில் ஒருவன் பாதையை விட்டிறங்கும் வண்டியொன்றைச் செய்ய விரும்புகிறான்!

அவன் 2008 ஆம் ஆண்டின் இறுதியிற் பிறந்தவன். தகப்பனை நிழற்படத்திலேயே கண்டிருக்கிறான். தாயார் கண்ணிவெடி அகற்றும் பணியாளர். பொழுது புலருமுன் புறப்பட்டு, முகக்கவசமும் மார்புக் கவசமும் அணிந்து, ஒரு மீற்றர் அகலமான ஒழுங்கையாக நிலத்தைப் பிரித்து, கருவியால் ஒலிகேட்டு, முழந்தாளிட்டு மண்ணைப் பக்கவாட்டிற் சுரண்டி முன்னேறும் வேலை. ஒரு முழு நாளின் உழைப்பை அளந்துபார்த்தால் ஒரு சிறு திண்ணையளவு மண்தான் தேறும். வடபகுதியில் இவ்வேலையைச் செய்வோரிற் கணிசமானோர் பெண்கள். அவர்களிற் பலர் குடும்பச் சுமையைத் தனியே தாங்குபவர்கள். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது; அதன்படி நிலத்தை முற்றாகத் துப்புரவு செய்வதற்கான காலக்கெடு 2028 ஜூன் 1. மாநாட்டு மேசையில் எழுதப்பட்ட அந்தத் தேதியை இங்கே முழந்தாளிட்டு நிறைவேற்றுகிறவர்களில் ஒருவர் இந்தத் தாய்.

மகனோ வகுப்பில் 'மக்கு' என்று பெயரெடுத்தவன். கணித பாடத்தில் அவனுடைய புள்ளிகள் இரட்டை இலக்கத்தை எட்டுவதே அரிது. தமிழ் பாடத்திலும் என்னை அவன் பெரிதாக மகிழ்வித்ததில்லை. ஆனால் என் மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுவிட்ட ஒருநாள், வாயு வடிகுழாயின் அடைப்பை ஊதியெடுத்து ஐந்து நிமிடத்தில் அதை உயிர்ப்பித்தவன் அவனே. அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் உறவு ஏற்பட்டது.

அவன் செய்ய விரும்பியது 'கோ-கார்ட்' என்னும் சிறு வண்டி. தொலைபேசித் திரையில் அதைக் கண்டு மயங்கியிருந்தான். அதன் வரலாற்றை நானும் தேடி அறிந்துகொண்டேன். 1956 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் தன் நண்பர் லூ பொரெல்லியுடன் சேர்ந்து, புல்வெட்டும் பொறிக்கென வார்க்கப்பட்ட ஒரு சிறு எஞ்சினை இரும்புக் குழாய்ச் சட்டத்திற் பொருத்தி முதலாவது கார்ட்டை உருவாக்கினார். 1956 எம்மவர்க்கு வேறொரு காரணத்தால் மறக்கவியலாத ஆண்டு. அதே ஆண்டில் உலகின் இன்னொரு மூலையில் ஒரு தொழிலாளி இப்படியும் சிந்தித்திருக்கிறார். பிற்காலத்தில் அது பணம்படைத்தோர் விளையாட்டாகிவிட்டது. ஆனால் பிறந்தபோது அது கழிவுப்பொருளும் கைத்திறனும் சேர்ந்து பெற்ற பிள்ளை என்பதை மறக்கலாகாது.

ஒன்றுக்கென்று செய்ததை இன்னொன்றுக்கு மாற்றியமைத்தல் எமக்கும் புதிதன்று. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் நான் சிறுவனாயிருந்தபோது, என் மாமா தமது மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார். சில துளி பெற்றோலை ஊட்டி எஞ்சினை இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். கரும்புகை கக்கும், இருந்தும் ஓடும். சைக்கிளின் தைனமோவைச் சுழற்றியே வானொலிச் செய்தி கேட்டோம். அக்காலத்துக் கைத்திறனைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம். அந்தத் திறன் உடையவர்களை எந்த வரிசையில் உட்காரவைத்தோம் என்பதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

வண்டி உருவாகத் தொடங்கியது. பழைய இரும்புக்கடையிற் கிடந்த 100 சீசீ மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்று, பழுதடைந்த முச்சக்கரவண்டியிலிருந்து எட்டு அங்குலச் சில்லுகள் நான்கு, தண்ணீர்க் குழாய்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய உதிரிப்பாகங்களுக்கும் யானைவிலை. ஆதலால் அவன் ஒவ்வோர் ஆணியையும் கழற்றித் துடைத்துப் போத்தலில் சேர்த்துவைத்தான். செயினுக்கும் வெல்டிங் கூலிக்கும் நான் பணம் கொடுத்தேன். குழாய்களின் மேலிருந்த நாகப் பூச்சை அராவாமலே வெல்டிங் செய்யத் தொடங்கியவனை வெல்டிங் கடைக்காரர் தடுத்தார். நாகம் எரிந்து வரும் வெண்புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் பிடிக்கும் என்றார். பல்கலைக்கழகப் பட்டதாரியாகிய எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் மாலை, துப்புரவு செய்து ஒப்படைக்கப்பட்ட தென்னங்காணியொன்றில் வண்டி ஓடியது. ஊர்ச் சிறுவர் யாவரும் கூடிவிட்டனர். புழுதி எழுந்தது, எஞ்சின் உறுமியது, பையனுடைய முகத்தில் நான் வகுப்பறையில் ஒருபோதும் காணாத ஒளி. நான் கேட்டேன்: "இன்னும் வேகமாக ஓடுமோ?"

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான். கேட்டவன் நான், ஆசிரியன்.

அவன் வேகத்தைக் கூட்டினான். காணியின் எல்லையில் திருப்ப முயன்றபோது வண்டி திரும்பவில்லை. பிறேக்கை அழுத்தினான், பின்னச்சிற் பொருத்தியிருந்த பழைய மோட்டார் சைக்கிள் பிறேக் மணல் புகுந்து வழுக்கியது. வண்டி கிடுகுவேலியைக் கிழித்துக்கொண்டு அயல்வளவிற் புகுந்து, கிணற்றுக்கட்டில் மோதி நின்றது. அவனுடைய மணிக்கட்டில் எலும்பு வெடித்தது. அவ்வளவே. ஆனால் அந்தக் கிணற்றடியில் அரை நிமிடத்துக்கு முன்னர்வரை ஒரு சிறுமி வாளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரேயே, 2024 ஏப்ரல் 21 அன்று, தியத்தலாவையில் நடைபெற்ற கார்ப்பந்தயத்தில் வாகனமொன்று ஓடுபாதையை விட்டு விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். அச்செய்தியை நாங்கள் யாவரும் வாசித்தோம், வருந்தினோம். எமக்கும் அதிற் பாடமுண்டென்று எண்ணவில்லை.

அன்றிரவு அவர்களுடைய வீட்டுக்குத் தலைகுனிந்தே சென்றேன். தாயார் என்னை ஏசுவார், வண்டியை உடைத்தெறியச் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் தேநீர் தந்துவிட்டு, நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் கேட்டார்:

"சேர், இது நிக்கிறதுக்கு எத்தனை மீற்றர் வேணும்?"

எனக்கு விடை தெரியவில்லை. பையனுக்கும் தெரியவில்லை.

"ஓடும் எண்டு தெரியும். எவ்வளவு கெதியா ஓடும் எண்டும் தெரியும். எங்கை நிக்கும் எண்டு மட்டும் தெரியாதோ? எங்களுக்கு முதல் நாள் பழக்கினது எப்பிடி முன்னுக்குப் போறதெண்டில்லை, சேர். எப்பிடி நிக்கிறது, எப்பிடி அதே வழியாலை திரும்பி வாறது எண்டுதான். நிக்கத் தெரியாதவையை அவங்கள் காணிக்குள்ளை விடமாட்டாங்கள்."

அவர் வண்டியை உடைக்கச் சொல்லவில்லை. "நிக்கப் பழக்குங்கோ, பிறகு ஓட்டுங்கோ" என்றார். அவ்வளவுதான்.

கைக்கட்டு அவிழ்ந்த பின்னர் வேலை மீண்டும் தொடங்கியது. இம்முறை வேறு ஒழுங்கில். முச்சக்கரவண்டியின் பிறேக் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குவது. பாதத்தால் ஒருமுறை அழுத்தினால் குழாய்வழியே அழுத்தம் எல்லாச் சில்லுகளுக்கும் சென்று சேரும். அந்த அமைப்பை முழுமையாகக் கழற்றி இதிற் பொருத்தினான். முன்சில்லுகளிலும் பிறேக் வேண்டுமென்பதை அவனே கண்டறிந்தான். வண்டி நிற்க முயலும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. ஆதலால் மண்ணை இறுகப் பற்றுவது முன்சில்லு. பின்சில்லோ பாரம் குறைந்து வழுக்கும். பேருந்தில் நின்றபடி பயணம் செய்யும் எமக்கெல்லாம் உடம்பால் தெரிந்த உண்மைதான். அறிவால் அதை அவனே எனக்குச் சொல்லித்தந்தான்.

பின்னர் அளவெடுத்தோம். தாயார் விடுமுறை நாளொன்றில் அளவுநாடாவுடன் வந்தார். தலையிற் சிவப்பு மை பூசிய தடிகளைக் காணியில் நாட்டினார். பிள்ளைகளை எல்லாம் தென்னைகளுக்குப் பின்னே கயிறுகட்டி நிறுத்தினார். முதல் தடியைத் தாண்டும்போது பிறேக்கை அழுத்தவேண்டும். வண்டி நிற்கும் இடத்தில் அடுத்த தடி. வேகத்தைத் தொலைபேசி காட்டியது. மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு மீற்றருக்குச் சற்று அதிகம். 20 இல் 5 மீற்றர். 30 இல் 11 மீற்றருக்குச் சற்று மேல். 40 இல் ஏறக்குறைய 20 மீற்றர். பழைய பிறேக்கினால் 20 கிலோமீற்றர் வேகத்துக்கே 9 மீற்றர் தேவைப்பட்டதென்பதையும் அளந்து குறித்திருந்தோம்.

பையன் அந்த எண்களைத் தன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்:

"சேர், வேகம் ரெண்டு மடங்கானால் தூரம் நாலு மடங்காகுது. மூண்டு மடங்கானால் ஒன்பது."

வேகத்தின் வர்க்கம்! இலக்கியக்காரராகிய எமக்கு 'வர்க்கம்' என்றதும் வேறொன்று நினைவுக்கு வரும். கணித ஆசிரியரின் கரும்பலகையில் மூன்று ஆண்டுகளாக அவனுக்கு ஒரு சிலந்திவலையாகவே தெரிந்த அச்சொல், அன்று மணலில் நாட்டிய தடிகளுக்கிடையே பொருள்பெற்று நின்றது. அவன் மக்கு அல்லன். அவனுக்குத் தெரிந்த மொழியில் நாங்கள் கேள்வி கேட்கவில்லை என்பதே உண்மை.

பிறகு வந்த மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் இதேபோல ஒரு காரணம் இருந்தது. எஞ்சினிலிருந்த பற்சில்லுக்கு 14 பற்கள். பின்னச்சில் இருந்ததற்கு 42. அதை மாற்றி 56 பற்களுடைய ஒன்றைக் கடைச்சல்பட்டறையில் வெட்டுவித்தான். இதனால் உச்ச வேகம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது; இழுவிசையோ மூன்றில் ஒரு பங்கு கூடியது. மணலிற் புதைந்து தவித்த வண்டி இப்போது நிதானமாக ஏறிவந்தது. ரயர்களின் காற்றைச் சற்றுக் குறைத்தபோது அவை அகன்று பரந்து மணலின்மேல் மிதந்தன.

திரும்ப மறுத்த குறையையும் ஆராய்ந்தோம். வளைவில் உட்புறச் சில்லு சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சில்லு பெரிய வட்டத்திலும் செல்லவேண்டும். ஆகவே உட்புறச் சில்லு அதிகமாகத் திரும்பவேண்டும். நாங்களோ இரண்டையும் ஒரே அளவில் திருப்பும்படி சுக்கானை அமைத்திருந்தோம். ஒரு சில்லு எப்போதும் உரசி இழுபட்டது. குதிரைவண்டிக் காலத்திலேயே, 1817 இல், மியூனிச் நகரத்து வண்டித் தச்சர் லாங்கென்ஸ்பெர்கர் இதற்கு வழிகண்டார். அடுத்த ஆண்டு இலண்டனில் அதற்குக் காப்புரிமை பெற்ற அக்கெர்மனுடைய பெயரே இன்று அந்த அமைப்புக்கு வழங்குகிறது. செய்தவன் பெயர் மறைந்து பதிந்தவன் பெயர் நிலைப்பது அங்கும் உண்டு போலும். சில்லுகளைத் திருப்பும் கைகளைச் சற்று உட்புறமாக வளைத்து, அவற்றின் நேர்கோடுகள் பின்னச்சின் நடுவிற் சந்திக்குமாறு செய்தோம். வண்டி சொன்னபடி கேட்டது.

முன்புறத்துக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் அதிர்வு தாங்கிகள் பொருத்தப்பட்டன. மோட்டார் சைக்கிளில் எதிர்க்காற்றே எஞ்சினைக் குளிர்விக்கும். இருக்கைக்குப் பின்னே மறைந்த எஞ்சினுக்கு அக்காற்று கிடையாது. எனவே தகரத்தால் ஒரு காற்றுவழி அமைத்தான். புழுதி எஞ்சினுக்குள் புகாதவாறு எண்ணெய் தோய்ந்த பஞ்சு வடிகட்டி. செயினுக்கு மூடி. தலைக்கு மேலே வளைந்த குழாய், இருக்கைப் பட்டி, தலைக்கவசம். கைக்கெட்டும் தூரத்தில் எஞ்சினை அணைக்கும் சிவப்பு ஆளி ஒன்று. பதிவில்லாத வண்டியாதலால் அது பொதுவீதியில் ஏறுவதில்லை. காணிக்குள்ளேயே அதன் உலகம்.

சீவகசிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவிக்காக ஒரு மயிற்பொறி செய்வித்தான் என்பதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். தமிழன் வானிற் பறந்தான் என்ற பெருமிதத்தோடு சொல்லி முடித்துவிடுவேன். அந்த இரவுகளில் ஒருநாள் அப்பகுதியை மீண்டும் எடுத்து வாசித்தேன். விசையை வலப்புறம் திருப்பினால் மயில் எழுந்து பறக்கும் என்று கூறிய திருத்தக்கதேவர், இடப்புறம் திருப்பினால் அது இறங்கி நிற்கும் என்பதையும் மறவாமற் கூறியிருக்கிறார். இத்தனை ஆண்டுகளாக நான் பறத்தலை மட்டுமே கற்பித்திருக்கிறேன். நிற்றலை விட்டுவிட்டேன். அதைச் செய்த தச்சனைப் பற்றியும் ஒருநாளாவது ஒரு சொல் சொன்னதில்லை.

அந்தத் தச்சனை மறந்தது தற்செயலானதா? இரும்பை அடிப்பவன் இன்ன சாதி, மரத்தை இழைப்பவன் இன்ன சாதி என்று கையின் உழைப்பைப் பிறப்போடு பிணைத்துவைத்த சமூகம் எம்முடையது. 1945 இல் வந்த இலவசக் கல்வி பள்ளிக்கூடத்தின் வாயிலை எல்லாருக்கும் திறந்தது. அதனாலேயே நானும் பட்டதாரியானேன். ஆனால் உள்ளே போன பின்னும் கை ஒரு வரிசையிலும் மூளை இன்னொரு வரிசையிலுமே அமர்த்தப்பட்டன. 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. தொழிற்றகைமைக்கு ஏழு படிகள் கொண்ட தேசியச் சான்றிதழ் முறையும் நாட்டில் உண்டு. வழிகள் இல்லாமலில்லை, அவற்றிற் செல்பவனை நாம் பார்க்கும் பார்வைதான் மாறவில்லை. 'ஒன்றுக்கும் உதவாவிட்டால் தொழில் பழகட்டும்' என்று ஆசிரியர் அறையில் நாங்கள் சொல்லாத நாளில்லை. நானும் சொல்லியிருக்கிறேன்.

2025 மார்ச்சில் நடந்த சாதாரணதரப் பரீட்சையில் அவனுக்குக் கணிதத்திற் கிடைத்தது வெறும் சாதாரண சித்தி. அற்புதம் எதுவும் நிகழவில்லை. வினாத்தாளில் சிவப்புத் தடிகள் நாட்டப்பட்டிருக்கவில்லை அல்லவா? இப்போது அவன் தொழிற்பயிற்சி நிலையமொன்றில் மோட்டார் பொறி பயில்கிறான். "பெடியன் படிப்பிலை கோட்டை விட்டிட்டான்" என்று ஊரவர் ஒருவர் என்னிடம் அனுதாபம் தெரிவித்தார். படிப்பு என்றால் என்ன என்று அவரைக் கேட்க விரும்பினேன். அக்கேள்வியை முதலில் என்னிடமே கேட்டுக்கொள்ளவேண்டியிருந்ததால் பேசாதிருந்துவிட்டேன்.

பயிற்சிக்குப் புறப்படுவதற்கு முந்திய நாள் அவன் தாயாரை வண்டியில் ஏற்றினான். அவர் மறுத்து, பின் சிரித்துக்கொண்டே ஏறினார். தலைக்கவசத்தை அணிந்த விதத்தில் பல ஆண்டுப் பழக்கம் தெரிந்தது. மகன் எஞ்சினை இயக்கிவிட்டு விலகி நின்றான். அவர் மெல்லச் சென்றார். நடப்பவரோடு போட்டியிட்டாற் தோற்கும் வேகம். தென்னைகளுக்கிடையே, மண்ணில் வழியே இல்லாத இடத்தில், ஒருகாலத்தில் எவரும் காலூன்ற அஞ்சிய நிலத்தில், அவர் ஒரு வட்டம் வந்தார். அந்நிலத்தைத் துப்புரவாக்கிய அணியில் தாமும் ஒருவராயிருந்ததை அன்றுதான் எமக்குச் சொன்னார்.

அளவெடுத்த நாளில் நாட்டிய தடிகளுள் ஒன்று அங்கேயே நின்றது. அதற்கு ஒரு சாண் முன்னே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"இப்ப சரி" என்றார்.